நீளத்துக்கு ஐந்து, அகலத்துக்கு மூன்று

என் விமானங்கள் ஏழு வருடம் சமையலறைச் சிலாப்பின் மேல், ஓடாத கிரைண்டருக்குப் பின்னால், பெரிய பனியன் பெட்டி ஒன்றுக்குள் கிடந்தன. பெட்டியின் வெளியே ஆண்கள் வட்டக் கழுத்து, நடுத்தர அளவு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். உள்ளே ஒன்பது விமானங்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை என் கையால் அட்டை வெட்டி, ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசியவை.

அவற்றை இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டூல் மேல் நின்ற என்னை அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"தீவாளிக்கு இன்னம் எத்தன நாள் கெடக்குது. அதுக்குள்ள எதுக்கு அம்முணி தூசி தட்டறே?"

"ஆபீசுல ஒரு போட்டிங்கம்மா. கைவேலைப் போட்டி."

பொய். பெங்களூரில் ஒரு பட்டறை இருக்கிறது. அருங்காட்சியகங்களுக்கும் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் அசல் விமானங்களை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்து கொடுக்கிறார்கள். ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். அனுபவச் சான்றிதழ் தேவையில்லை. ஏதாவது ஒரு விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, அட்டையில், கையால் செய்து அனுப்ப வேண்டும். அளந்து பார்ப்பார்கள். அளவும் வேலைச் சுத்தமும் சரியாக இருந்தால் வேலை. அனுப்பிய ரசீதில் அந்த ஞாயிறிலிருந்து மூன்றாவது சனிக்கிழமைக்குள் தேதி இருக்க வேண்டும். இந்தப் பனியன் ஊரை விட்டுப் போக எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறெதற்கும் இல்லை. அப்பா கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி, மேலே அளவு வெட்டிய பேட்டர்ன் அட்டையை வைத்து, கோடு போட்டு வெட்டுகிறவர். அவருக்கு எண்கள் தெரியும். அட்டைகளில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் ஐந்தாறு தெரியும். தமிழில் தன் பெயரை மட்டும் எழுதுவார். அம்மா செக்கிங் வேலை. ஒரு பனியனைத் திருப்பிப் போடும் நேரத்துக்குள் அதிலிருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் பஸ் போர்டு படிக்க மாட்டாள், பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவாள்.

அதனால் எங்கள் வீட்டுக்குள் வருகிற எழுத்து எல்லாம் என் வழியாகத்தான் வரும். கேஸ், கரண்டு, ரேஷன், ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு. எங்கள் வீடு மட்டுமல்ல. பத்து வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும் லைன் வீடு எங்களுடையது. தென்மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் நான்கு, மற்றவர்கள் பல்லடம், பொங்கலூர்ப் பக்கம். ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு விண்ணப்பத்தோடு யாராவது எங்கள் வாசலில் நிற்பார்கள். எனக்கு அது பிடிக்கும், மறைக்கப் போவதில்லை. படிச்ச புள்ள சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே எழுதுவேன்.

அதில் ஒரு தொந்தரவும் உண்டு. நான் சொல்வதை யாரும் மறுக்க மாட்டார்கள். ரேஷன் கார்டில் அம்மாவின் வயதை நான்கு கூட்டிப் பதிந்துவிட்டேன். தெரிந்ததும் பதறிப்போய், மாற்றிவிடலாம் என்றேன்.

"நீதான கண்ணு போட்டே. அப்ப அதுதான் என் வயசு" என்றாள் அம்மா. அன்றிலிருந்து யார் கேட்டாலும் அந்த வயதைத்தான் சொல்கிறாள்.

விமானம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சூலூர்ப் பக்கமிருந்து எழும் விமானங்கள் எங்கள் அரசுப் பள்ளியின் மேல் தாழ்வாகப் போகும். ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று தெரியாமல், அதைச் செய்தேன். அப்பா கம்பெனியில் அளவு மாறிப்போய் ஒதுக்கிய பேட்டர்ன் அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். பழுப்பு நிறம், வளைத்தால் ஒடியாது, நனைந்தால்தான் வீணாகும். விமானத்துக்கென்றே செய்த அட்டை என்று நான் நம்பினேன். முதல் விமானம் காக்கா மாதிரி இருந்தது. ஒன்பதாவதை எங்கள் கல்லூரி ஆசிரியர் கையில் வாங்கி, இறக்கையின் உள்ளே எத்தனை எலும்பு வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

ஆம், அதைப் படிக்கத்தான் போனேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி, கட்டணச் சலுகையில், விமானப் பொறியியல். நான்கு வருடம் படித்து முதல் வகுப்பில் தேறினேன். வளாகத் தேர்வுக்கு வந்த கம்பெனிகள் எல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுத்தன. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய மாதம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர், இலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்:

"ஏனுங் அம்முணி, ஏரோப்ளேனுக்குப் படிச்சீங்களாமே. எப்பங்க ஓட்டறீங்க? நம்மூட்டு மொட்டமாடில கொஞ்சம் எறக்குனா நாங்களும் ஏறிக்குவம்."

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், மரியாதைக்காக. அந்த வாரமே லைன் வீட்டில் எனக்கு ஏரோப்ளேன் என்று பெயர் விழுந்துவிட்டது. விமானங்களைப் பெட்டியில் போட்டு நானேதான் சிலாப்பில் ஏற்றினேன். அடுத்த மாதம் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலையில் சேர்ந்தேன்.

மெர்ச்சண்டைசர் என்றால் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் நம் ஊர் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்பவர். பையர் கழுத்துப் பட்டி கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்பார். தையல் பகுதிக்காரர்கள் அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். இரண்டு பேரும் என்னிடம்தான் கோபப்படுவார்கள். எங்கள் தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு நாளைக்கு நான்கு மெயிலாவது அனுப்புவேன். நான் தைக்காத பனியனுக்கு, நான் பார்க்காத ஆளிடம். என் மேசைக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல். ஏசிக்காகத் திறக்க முடியாதபடி வைத்துவிட்டார்கள். சில நாள் அதில் விமானம் போகும். சத்தம் உள்ளே வராது. ஏழு வருடமாக அதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை இறக்கிய பிறகு முதல் வாரம் வரைவதிலேயே போனது. பழைய பயணிகள் விமானம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு விசிறி, பருத்த வயிறு, பின்னால் தரையில் குந்தியிருக்கும் வால். உள்ளே எலும்புக்கூடு செய்து, மேலே அட்டைத் தோல் போர்த்த வேண்டும். நூற்றுச் சொச்சம் துண்டுகள். கையால் வரைந்தால் மூன்று வாரம் போதாது. எங்கள் கம்பெனியின் பேட்டர்ன் அறையில் துணிக்கான அளவு வரையும் கம்ப்யூட்டரும், அதை அட்டையில் அப்படியே கோடு போட்டுத் தரும் பிளாட்டர் மெஷினும் உண்டு. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன்.

"மதியம் சோத்துக்குப் போற அரமணி நேரம் உக்காந்துக்கங்க மேடம். ஆனா அட்டை உங்களுதா இருக்கோணும். ஏரோப்ளேனா? எந்த பையருக்குங்க?" என்று சிரித்தார்.

பிளாட்டரிலிருந்து பெரிய அட்டையில் மெல்லிய கறுப்புக் கோடுகளாக விமானம் துண்டுதுண்டாக வந்தது. சுருட்டி, பஸ்ஸில் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வெட்டும்போதுதான் தெரிந்தது, கைப்பழக்கம் போய்விட்டிருந்தது. எங்கள் வீட்டில் மேசை கிடையாது. காலையில் வேலைக்குப் போகும் முன் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து வெட்டினேன். பத்தொன்பது வயதில் ஒரே இழுப்பில் வெட்டிய வளைவை இப்போது மூன்று இழுப்பில் வெட்டினேன், மூன்றும் மூன்று திசையில் போயின. எட்டுத் துண்டுகளைக் கெடுத்தேன். ஏழு வருடம் விசைப்பலகை மட்டும் தட்டிய விரல்கள். அப்பா டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்திய நெட்டுக்குத்தலாப் புடிக்கறே. சாச்சுப் புடிச்சாத்தான கண்ணு வளவு வரும்?"

"தெரியுமுங்கப்பா."

அடுத்த திங்கட்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனால் மாலை ஐந்துக்குத்தான் வரும். சின்ன கம்பெனிகளுக்கு அன்று லீவு மாதிரி. நான் கிளம்பும்போது அப்பா சொன்னார்:

"இன்னைக்கு எனக்கும் சோலி இல்ல. அட்டைய வெச்சுட்டுப் போ. கோட்டு மேல வெட்டித் தாரேன்."

மாலையில் வந்து பார்த்தேன். எல்லாத் துண்டுகளும் வெட்டி, பெரியது அடியில் சிறியது மேலாக அடுக்கி, அளவு வாரியாகக் கழிவுத் துணி நாடாவால் கட்டி வைத்திருந்தார், பனியன் துண்டுகளைத் தையலுக்கு அனுப்புவது போல. ஒரு வளைவில்கூடப் பிசிறு இல்லை. எட்டுத் துண்டு கெட்டதால் மிச்ச அட்டையில் அவற்றையும் நகலெடுத்து வெட்டியிருந்தார்.

"உங்க ஆபீசுப் போட்டில அப்பனுக்கும் பங்கு குடுப்பாங்களா?" என்றார். அவர் என்னை ஊரை விட்டு அனுப்பும் விமானத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நான் சிரித்துவைத்தேன்.

அந்த வாரம் காலை நேரங்களில் உடலை ஒட்டினேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. வட்டமாக இருக்க வேண்டிய சட்டங்கள் தோலுக்குள் முழுதாகப் பொருந்தவில்லை. என் ஒட்டும் கைதான் சரியில்லை என்று நினைத்து, தேய்த்துச் சரிசெய்துகொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறக்கைக்கு வந்தேன். கடைசிச் சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. இறக்கையின் எலும்புகளை வரிசையாக நிறுத்தி, மேலே தோலை வைத்தேன். எல்லா எலும்புகளும் தோலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். அளந்தேன். முப்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இறக்கை முப்பத்தொன்றரை இருந்தது.

இறக்கைத் துண்டோடு வாசலுக்குப் போனேன். அப்பா வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு படிவத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, எதுக்குங்க அளவ மாத்தி வெட்டினீங்க?"

"மாத்தலியே சாமி. கோட்டு மேலதான..."

"கோட்டு மேல வெட்டுனா எப்படிங்க ஒன்றரை சென்டிமீட்டர் கூட வரும்? துணின்னு நெனச்சு வெட்டிட்டீங்களா? நாலெழுத்துப் படிச்சிருந்தா இது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க."

ஒரு 'ங்க' குறையவில்லை. அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன்.

அப்பா துடைப்பதை நிறுத்தினார். துணியை உதறி ஹேண்டில் மேல் போட்டார். "செரி" என்றார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா படிவத்தை மடித்து இடுப்பில் செருகினார். "நாளைக்கி வாரேன் கண்ணு, ஒண்ணும் அவசரமில்ல." உள்ளேயிருந்து அம்மா எதுவுமே சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கழிவு அட்டையை வெளியே போடுவதற்காக எடுத்தேன். துண்டுகளை வெட்டியெடுத்த பிறகு ஓட்டை ஓட்டையாக நிற்கும் பெரிய அட்டை. வெளிச்சத்தில் பிடித்தபோது, ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் மயிரிழை அகலத்தில் கறுப்பு தெரிந்தது. என் கையிலிருந்த இறக்கைத் துண்டை எடுத்துப் பார்த்தேன். அதன் விளிம்பிலும் கறுப்பு. கோட்டில் பாதி துண்டில், பாதி கழிவில். அப்பா கோட்டை நடுவாகப் பிளந்திருந்தார். நூற்றுச் சொச்சம் துண்டிலும்.

அப்படியென்றால் கோடே தப்பு.

அட்டையின் மூலையில், பிளாட்டர் தானாக அச்சிடும் சின்ன வரி இருந்தது. கம்பெனியில் தினம் நான் பார்க்கும் வரி, அதனாலேயே கண்ணில் படாத வரி. எல் ஐந்து சதவீதம், டபிள்யூ மூன்று சதவீதம். ஷ்ரிங்கேஜ். பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதற்காக நீளத்துக்கு ஐந்தும் அகலத்துக்கு மூன்றும் கூட்டித்தான் எங்கள் ஊரில் எந்தப் பேட்டர்னையும் போடுவார்கள். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் அந்த எண்கள் எப்போதும் இருக்கும். அதைச் சுழியமாக்க வேண்டும் என்று விமானப் பொறியியல் படித்த எனக்குத் தோன்றவில்லை. துவைத்தால் சுருங்கும் என்று ஒரு விமானத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். அதுவும் நீளத்தில் ஒரு கணக்கு, அகலத்தில் ஒரு கணக்கு. வட்டங்கள் எல்லாம் முட்டையாகிவிட்டன.

அப்பா மதியம் சாப்பிட வந்தார். நான் சொல்லவில்லை. மாலையில் டீ கொடுத்தேன். சொல்லவில்லை. திங்கட்கிழமை அலுவலகம் போனேன். கைப்பகுதித் தையல் பற்றி ஒரு பையர் கேட்டிருந்தார். எங்கள் தவறுக்கு வருந்துகிறோம் என்று எழுதி அனுப்பினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மதியத்துக்குள் இன்னும் இரண்டு பேரிடம் வருந்தினேன். எங்கேயோ இருக்கும் ஆட்களிடம் எத்தனை சுளுவாக வருகிறது. வீட்டில் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சொல்ல வேண்டிய நிலைமை வந்ததில்லை, ஏனென்றால் வீட்டில் நான் தப்பே செய்ததில்லை. நான் தப்புச் செய்தால் அம்மாவின் வயதே மாறிவிடும்.

அன்று மாலை அப்பா கம்பெனியிலிருந்து வந்து கால் கழுவும்போது, கழிவு அட்டையைக் கொண்டுபோய் முன்னால் விரித்தேன்.

"நீங்க சரியாத்தான் வெட்டியிருக்கீங்கப்பா. நாந்தான் ஷ்ரிங்கேஜ் எடுக்காம விட்டுட்டேன்."

அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"எல் அஞ்சு, டபிள்யூ மூணுன்னு மூலைல போட்டிருந்துச்சே. அது எனக்குப் படிக்கத் தெரியாதா? இத்தன வருசமா அதத்தான படிக்கறேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்னங்கப்பா?"

"அட்டைக்கு எதுக்கு ஷ்ரிங்கேஜுன்னு நெனச்சேன். பொறகு, பசை போட்டாச் சுருங்குமாட்ட இருக்குது, பெயிண்டு அடிச்சாச் சுருங்குமாட்ட இருக்குது, படிச்ச புள்ள காரணமில்லாமப் போடுமான்னு உட்டுட்டேன்." துண்டால் காலைத் துடைத்தார். "நான் போயி உனக்கு என்னத்தச் சொல்றது?"

நான் சொன்ன வார்த்தையைவிட அவர் சொல்லாமல் விட்டது எனக்கு அதிகமாக வலித்தது. ஏழு வருடமாக, இல்லை, இருபது வருடமாக, எத்தனையை இப்படி விட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு எதிராக ஒரு சுவர்கூடக் கிடையாது. எங்கே கை வைத்தாலும் வழிவிட்டுவிடுவார்கள். மோதிக்கொண்டு கிளம்ப ஒன்றுமே இல்லாததால்தான் அங்கிருந்து வெளியே வர முடியவில்லை.

அதே வேகத்தில் மிச்சத்தையும் சொன்னேன். போட்டி இல்லை. பெங்களூர். வேலை. சனிக்கிழமை.

அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். "பெங்களூரா? அப்ப கேஸ் புக்குப் பண்றது ஆரு?"

"அம்மா..."

"இல்ல, கேக்கறேன். எனக்குன்னு வயசு போட்டியே, அத மாத்தோணும்னா நான் ஆருகிட்டப் போவேன்?" அவள் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் பதிலுக்கு நிற்காமல் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

அப்பா அட்டையின் ஓட்டை ஒன்றின் விளிம்பை விரலால் தடவினார். பிறகு கேட்டார்: "சனிக்கெழமைக்கு அஞ்சு நாளுதான இருக்குது? நாளைக்கே போட்டுட்டு வந்துரு. வெட்டறது நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணுங்கப்பா. இனிமே தப்புன்னா தப்புன்னு சொல்லோணும்."

"செரி. சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்குவேன். இருந்தாலும் சொல்லோணும்."

செவ்வாய்க்கிழமை இரண்டு கட்டத்திலும் சுழியம் போட்டு மறுபடி எடுத்தேன். புதன்கிழமை அதிகாலையில் அப்பா கத்தியை எடுத்தவர், அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு வைத்தார்.

"இதுல வால் ரெக்கை ஒண்ணுதான் இருக்குது. போன தடவையும் அப்படித்தான். ஜோடி எங்கே?"

"ஒண்ணுதாங்கப்பா வரும்."

"தப்பு கண்ணு." அந்தச் சொல் அவர் வாயிலிருந்து தயங்கித் தயங்கி வந்தது. "ஒத்தக் கையி வெச்ச பனியன் உண்டா?"

பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி; வாலில் நிமிர்ந்து நிற்பது ஒன்று, பக்கவாட்டில் விரிவது இரண்டு. எரிச்சலாகத்தான் இருந்தது. மிச்ச அட்டையில் அவரே ஜோடியை நகலெடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் விமானம் எழுந்து நின்றது. எலும்புகள் தோலுக்குள் அடங்கின. வெள்ளி வண்ணம் அடித்துக் காய வைத்தேன். சனிக்கிழமை காலையில் அதே பனியன் பெட்டியில் கழிவு நூலை மெத்தையாகப் போட்டு வைத்து, மேலே முகவரி எழுதினேன். வலது விசிறியின் பசை இன்னும் காயாததால் பெட்டியை மூடவில்லை. மதியம் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன், வந்து எடுத்துப் போகலாம் என்று.

மதியம் என்னால் வர முடியவில்லை. அன்று ஃபேக்டரியில் ஒரு ஆர்டருக்குக் கடைசிப் பரிசோதனை. பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் பட்டன் ஓட்டையில் குறை கண்டுபிடித்து, மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். மெர்ச்சண்டைசர் இல்லாமல் யாரும் பேச மாட்டார்கள். நான்கு மணி ஆனது. கூரியர் கடை ஆறுக்கு மூடிவிடும். அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நான் கொண்டு போறேன்" என்றார். கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"கேக்கறதுக்கெல்லாம் சொல்லத் தெரியுமுங்களாப்பா?"

"முகவரி நீ எழுதியிருக்கறே. கைல பொட்டி இருக்குது. வேறென்ன தெரியோணும்?"

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்தபோது, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ரசீதை எடுத்துக் கொடுத்தார். தேதி சரியாக இருந்தது. எனக்கு அதைத்தான் பார்க்கத் தோன்றியது. அதற்குக் கீழே, உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில், கூரியர் கடைக்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். பனியன் சாம்பிள்.

"என்ன இருக்குதுன்னு கேட்டான்" என்றார் அப்பா. "எல்லாரும் சொல்றதத்தான் சொன்னேன்."

எங்கள் ஊரிலிருந்து கூரியரில் போவதில் பெரும்பாலானது அதுதான். அதை யாரும் பார்த்து எடுத்துவைப்பதில்லை. மூட்டையோடு மூட்டையாக வீசுவார்கள், மேலே உட்காருவார்கள். துணிக்கு என்ன ஆகும்? எனக்கு அது அப்போதே தெரியும். சொல்லவில்லை.

பதினோராவது நாள் பட்டறையிலிருந்து மெயில் வந்தது. அலுவலகத்தில், ஜன்னல் பக்கத்து மேசையில் படித்தேன். பெட்டி நசுங்கி வந்திருக்கிறது. படம் இணைத்திருந்தார்கள். இடது இறக்கை வேரோடு ஒடிந்து, வால் மடங்கிக் கிடந்தது. உடைந்த துண்டுகளையும் அளந்து பார்த்ததாகவும், அளவுகள் துல்லியமாக இருப்பதாகவும், வெட்டு மிகச் சுத்தம் என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் முழு விமானமாக வந்தவற்றை மட்டுமே இந்த முறை எடுத்துக்கொண்டார்களாம். ஆறு மாதம் கழித்து மறுபடி ஆள் எடுக்கும்போது இன்னொன்று அனுப்பலாமாம். வெட்டு மிகச் சுத்தம் என்ற வரியை நான்கு முறை படித்தேன். அந்த வரி எனக்கானது அல்ல. பிறகு கழுத்துப் பட்டி பற்றி வந்திருந்த அடுத்த மெயிலைத் திறந்து, எங்கள் தவறுக்கு வருந்துகிறோம் என்று எழுதினேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். நான் அவர்மேல் போட்ட பழி பொய்யாக இருந்தபோது, வாசலில் எல்லோரும் கேட்கச் சொன்னேன். இப்போது தப்பு உண்மையிலேயே அவருடையது. கொஞ்சம் என்னுடையதும். ரசீதைப் பார்த்த அன்றே தெரிந்தும் மறைத்தேன், அவர் அட்டை மூலையைப் பார்த்தும் மறைத்தது போல. மறைத்தால் மறுபடி பழைய வீடுதான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லாத வீடு.

படத்தைக் காட்டினேன். வெட்டு பற்றிய வரியை மொழிபெயர்த்து முதலில் சொன்னேன். பிறகு, "சாம்பிள்னு சொன்னீங்களே, அது தப்புங்கப்பா" என்றேன்.

அவர் ஒடிந்த இறக்கையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப என்னன்னு சொல்லியிருக்கோணும்?"

"ஏரோப்ளேன்னு."

"ஏரோப்ளேன்னு சொன்னாச் சிரிப்பானே கண்ணு. கடைல பத்துப் பேரு நின்னாங்க."

"சிரிக்கட்டுமுங்கப்பா."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆறு மாசம் இருக்குதுதான? அதுக்குள்ள எனக்குக் கேஸ் புக்குப் பண்றதச் சொல்லிக் குடுத்துரு" என்றாள். "நம்பரு மட்டும் தெரியும். எதை அமுக்கறதுன்னுதான் தெரியாது."

மறுநாள் மாலை அப்பா கம்பெனியிலிருந்து ஒரு புதிய அட்டையைச் சுருட்டிக் கொண்டுவந்தார். லைன் வீட்டு வாசலில் யாரோ, "என்னங் மாஸ்டர், பேட்டர்னா?" என்று கேட்டார்கள். நான் உள்ளே பக்கத்து வீட்டு அக்காவின் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் நின்றது.

"இல்லீங்க" என்றார். "ஏரோப்ளேனு."

யாரோ சிரித்தார்கள். அப்பா இந்த முறை கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.